கிஃப்ட் எண்டு எழுதாதேங்கோ

போன வருசம் மாரி தொடங்குகிற நேரம், என்னோடு படிக்கிற தோழி ஒருத்தி தன்னுடைய மூன்று ஓவியங்களை ரொறன்ரோவுக்கு அனுப்பப் போனாள். துணைக்கு நானும் போனேன். மூன்றும் கன்வஸில் அக்ரிலிக். இன்ஸ்டகிராமில் பார்த்துப் பிடித்துப்போய் மெசேஜ் போட்ட ஒரு அண்ணாவுக்கு, ஒவ்வொன்றும் 300 கனேடிய டொலர் என்று பேசி முடித்திருந்தாள். பாதிக் காசு முற்பணமாக வந்திருந்தது. சொந்தக்காரரும் இல்லை, விரிவுரையாளரும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்குகிற அவளுடைய முதல் படங்கள் அவைதான்.

கூரியர் கடையில் படிவம் தந்தார்கள். 'பெறுமதி' என்று ஒரு கட்டம். அவள் பேனையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்றாள்.

"கிஃப்ட் எண்டு போடுங்கோ தங்கச்சி. பெறுமதி ஒரு ரெண்டாயிரம் ரூபா எண்டு போட்டாக் காணும். இல்லாட்டி அங்கால சுங்கத்தில மறிச்சுப் போடுவாங்கள்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். வாங்குகிற அண்ணாவும் வாட்ஸ்அப்பில் அதையேதான் சொல்லியிருந்தார். "கிஃப்ட் எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி எனக்கு இஞ்ச டக்ஸ் அடிப்பாங்கள்."

எழுதினாள். நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

பார்சல் போய்ச் சேர்ந்தது. மட்டைக் குழாய்க்குள் தண்ணீர் போயிருந்தது. உருட்டி வைத்த மூன்று படங்களில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தபோது நிறம் உரிந்து வந்தது. அந்த அண்ணா மிச்சக் காசைத் தர மாட்டேன் என்றார். கூரியர் கடைக்குப் போனோம். "நீங்கள் எழுதின பெறுமதிக்கு மேல ஒண்டும் தரேலாது" என்றார்கள். அவள் எழுதினது 2,000 ரூபாய். கன்வஸ் வாங்கின காசுக்கே அது காணாது.

இதைக் கூரியர்காரரைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அவர் எழுதச் சொன்னார், எழுதினது நாங்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இந்த விசயத்தைத் தோண்டத் தொடங்கினேன். ஒருவர் தன் கையால் வரைந்த படத்தை இன்னொரு நாட்டுக்குச் சட்டப்படி கொண்டுபோய் விற்பதற்கு உண்மையிலேயே என்ன வேண்டும்? தேடிப் பார்த்ததில் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏனென்றால் அந்தப் பொய் தேவையே இல்லாத பொய்.

கணக்கைப் பாருங்கோ. சுங்கத்துக்கு உலகம் முழுக்கப் பொதுவான ஒரு பொருள் அட்டவணை இருக்கிறது. அதில் 97ஆம் அத்தியாயம் கலைப்பொருட்களுக்கானது. முழுக்க முழுக்கக் கையால் செய்யப்பட்ட ஓவியம், கோட்டுச் சித்திரம், பாஸ்டல், கொலாஜ் எல்லாம் 9701. மூல அச்சோவியங்கள், அதாவது லினோகட், எட்சிங், லிதோகிராஃப் போன்றவை 9702. மூலச் சிற்பங்கள் 9703. 9701இல் வருகிற ஓவியத்துக்குக் கனடாவில் சுங்கவரி பூச்சியம். பிரித்தானியாவிலும் பூச்சியம், ஐரோப்பிய ஒன்றியத்திலும் பூச்சியம். (இந்தியா அப்படியில்லை. அங்கே ஓவியத்துக்கும் சுங்கவரி உண்டு.) மிஞ்சுவது அந்தந்த நாட்டு விற்பனை வரி மட்டும்தான். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் அது 13%. பிரித்தானியாவில் சாதாரணப் பொருளுக்கு 20%, ஆனால் இறக்குமதியாகிற கலைப்படைப்புக்கு 5% மட்டும்தான்.

மூன்று படங்கள், 900 டொலர். அதற்கு 13% என்றால் 117 டொலர். அதோடு பார்சலைக் கொண்டுவாறவர்கள் எடுக்கிற ஒரு கையாளும் கட்டணம். இவ்வளவுதான் அந்தப் பூதம்.

இந்த 117 டொலரைக் கட்ட வேண்டியது யார்? படத்தை இறக்குமதி செய்கிறவர், அதாவது வாங்குகிறவர். அப்படியென்றால் கிஃப்ட் என்று எழுதினதால் லாபம் அவருக்கு. படம் பழுதானால், தொலைந்தால், பிடிபட்டால் நட்டம் வரைந்தவளுக்கு. பொய்க்குக் கீழே இருக்கிற கையெழுத்தும் அவளுடையதுதான். எனக்கு இது விளங்க ஒரு வருசம் எடுத்தது.

இன்னொன்று. கிஃப்ட் என்று எழுதினால் வரி இல்லை என்பதும் பாதிதான் உண்மை. கனடாவில் 60 டொலர் வரைக்குமான பரிசுக்குத்தான் அந்தச் சலுகை. பிரித்தானியாவில் அது 39 பவுண். அதற்கு மேலே போனால் பரிசுக்கும் வரிதான். அதனால்தான் கிஃப்ட் என்ற பொய்யோடு நிற்க முடியாமல் 2,000 ரூபாய் என்ற இரண்டாவது பொய்யும் தேவைப்படுகிறது. ஓவியம் கிஃப்ட், விலை இல்லை, வித்தவளும் இல்லை. கடைசியில் ஓவியர் என்று ஒருவரே அந்தக் காகிதத்தில் இல்லை.

ஏன் இப்படிப் பழகினோம் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கட வீடுகளில் வெளிநாட்டுக்குச் சாமான் போகிற வழி எப்பவும் ஆட்களின் சூட்கேஸ்தான். மிளகாய்த்தூள், ஒடியல், வேப்பம்பூ வடகம், பினாட்டு என்று எல்லாம் பெரியம்மாவின் மகனோ பக்கத்து வீட்டு அக்காவோ போகும்போது குடுத்துவிடுகிறோம். அதற்குள் ஒரு படத்தையும் உருட்டி வைத்தால் என்ன என்று நினைக்கிறோம். ஆனால் மிளகாய்த்தூள் விற்கப் போவதில்லை, படம் விற்கப் போகிறது. பயணப் பொதிக்குக் கிடைக்கிற சலுகை சொந்தப் பாவனைக்கும் பரிசுக்கும்தான். விற்கிற சாமானை அறிவிக்காமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் பறிமுதலும் தண்டப்பணமும் அந்தப் பெரியம்மாவின் மகனுக்குத்தான். விமான நிலையத்தில் கையெழுத்து வைத்தவர் அவர்தானே.

இதற்கும் பின்னால் இன்னொரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சீருடை போட்டவருக்கு முன்னால் பையைத் திறப்பது எங்கட அப்பா அம்மாவுக்குச் சும்மா ஒரு அலுவல் இல்லை. ஓமந்தையில் இறங்கி, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டின தலைமுறை அது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கூடச் சொல்லாதை, குறைச்சுச் சொன்னால் பிரச்சினை இல்லை என்று அந்த இடங்களில் கற்றார்கள். அந்தப் பாடம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும். அதையே நாங்கள் ஓவியம் விற்கிற படிவத்துக்கும் கொண்டுவந்தால், காப்பாற்ற வேண்டிய ஒன்றை நாங்களே இல்லை என்று எழுதிக் கொடுக்கிறோம்.

சுங்க அதிகாரிக்கு முன்னால் ஒரு கலைப்படைப்பு 'நான் யார்' என்று நிரூபிக்க வேண்டி வருவது எங்களுக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை. 1926இல் பிரான்ஸிலிருந்து பிரான்குஸியின் சிற்பங்கள் நியூயோர்க்குக்குக் கப்பலில் போயின. கூடப் போனவர் மார்செல் டுஷாம்ப். அதில் 'வெளியில் ஒரு பறவை' என்ற வெண்கலச் சிற்பமும் இருந்தது. இறகும் இல்லை, அலகும் இல்லை, மினுங்குகிற நீண்ட ஒரு வளைவு. அமெரிக்கச் சுங்கம் அதைப் பார்த்துவிட்டு இது சிற்பமே இல்லை என்று சொல்லி, சமையல் பாத்திரங்களும் ஆஸ்பத்திரிச் சாமான்களும் வருகிற வகைக்குள் போட்டு 40% வரி கேட்டது. கலை என்றால் வரி இல்லை.

வழக்கு நீதிமன்றம் போனது. அன்றைய சட்டப்படி மூன்று விசயங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. அது மூலப் படைப்பா, அதற்கு அன்றாடப் பயன்பாடு எதுவும் இல்லையா, செய்தவர் தொழில்முறைச் சிற்பியா? சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் போன்றவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 1928 நவம்பரில் நீதிமன்றம் அது கலைதான் என்று தீர்ப்பளித்தது. கலை வரலாற்று வகுப்பில் இதை நவீன கலைக்குக் கிடைத்த வெற்றி என்று படிக்கிறோம். எனக்கு இப்போது அதில் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தச் சிற்பத்தோடு காகிதம் போயிருந்தது. இது இன்னாருடைய படைப்பு, இன்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று பதிவு இருந்தது. அதனால்தான் வாதாட ஏதோ ஒன்று இருந்தது. கிஃப்ட் என்று எழுதி அனுப்பியிருந்தால் வழக்கே இல்லை.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2010இல் ஐரோப்பிய ஆணைக்குழு, டான் ஃபிளேவினின் குழல்விளக்குப் படைப்பைச் சிற்பமாக ஏற்காமல் மின்விளக்குப் பொருளாக வகைப்படுத்தியது. ஆகவே நீங்கள் நிறுவற்கலை செய்கிறவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. எங்கட பக்கத்திலும் இந்த எல்லைக்கோடு இருக்கிறது. கன்வஸில் வரைந்த பனங்கூடல் ஓவியம். அதே பனங்கூடலைப் பனையோலைப் பெட்டியின் மூடியில் வரைந்தால் சுங்கத்துக்கு அது பெட்டி. கையால் அலங்கரித்த உற்பத்திப் பொருள் 9701க்குள் வராது. டிஜிட்டலில் வரைந்து அச்சடித்து, கீழே பென்சிலால் கையெழுத்து வைத்தாலும் அது அச்சுப் படம்தான். நீங்களே அச்சுக்கட்டையை வெட்டி, நீங்களே அழுத்தி எடுத்த லினோகட் மூலப் படைப்பு. கலையில் எது உயர்ந்தது என்ற தீர்ப்பு இல்லை இது, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பது மட்டும்தான்.

சரி, அப்ப என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு இன்வொய்ஸ். இதுக்குக் கொம்பனி எதுவும் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், விலாசம், வாங்குகிறவரின் பெயர், விலாசம், படத்தின் தலைப்பு, வரைந்த ஆண்டு, எதில் எதனால் வரைந்தது, அளவு, விலை, எந்த நாணயம், இலங்கையில் செய்யப்பட்டது, முழுக்கக் கையால் வரைந்த மூல ஓவியம், சுங்கக் குறியீடு 9701. ஆங்கிலத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் செல்லும். தபாலில் அனுப்பினால் தருகிற சுங்கப் படிவத்தில் கிஃப்ட் என்ற கட்டத்தோடு விற்பனைப் பொருள் என்ற கட்டமும் இருக்கிறது. அதில் சரி போடுங்கோ. அனுப்பும்போதே அந்த விலைக்குக் காப்புறுதி கேளுங்கோ. பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்று ஒரு வரியும் இன்வொய்ஸில் சேர்த்துவிடுங்கோ. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் உரியது. படத்தை வாங்கினவர் அதை டீசேர்ட்டில் அடித்து விற்கலாம் என்று ஆகாது.

இரண்டாவது, இந்த நாட்டை விட்டு வெளியே போகிற வாசல். தொல்பொருட்களையும் கலாசாரச் சொத்துகளையும் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் அதற்குத்தான் இருக்கின்றன. நீங்கள் போன வருசம் வரைந்த படம் தொல்பொருள் இல்லை. ஆனால் பழைய கோயில் சுவரோவியப் பாணியில் வரைந்திருந்தால், பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? படத்தின் பின்பக்கத்தில் பெயர், தலைப்பு, திகதி எழுதிக் கையெழுத்து வையுங்கோ. வரைந்துகொண்டிருக்கும்போது எடுத்த இரண்டு மூன்று போட்டோக்களை போனில் வைத்திருங்கோ. யானை வால்முடி, ஆமை ஓடு, சங்கு, பவளம் மாதிரி எதையும் படைப்பில் ஒட்டியிருந்தால் அது முற்றிலும் வேறு சட்டம், வேறு பிரச்சினை. சட்டகத்தைக் கழற்றி அனுப்புவது நல்லது. மரப்பெட்டியில் அடைத்தால் அந்த மரம் சூடேற்றிப் பதப்படுத்தின முத்திரை உள்ள மரமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, நீங்களே போய் விற்பது. இப்ப 2023இலிருந்து காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல் ஓடுது, பலாலியிலிருந்து சென்னைக்கு பிளேன் போகுது. ஒரு குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கண்காட்சியில் வித்திட்டு வரலாம் என்று நண்பர்கள் சொல்லுவினம். இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படம் உள்ளே போகலாமா என்பது ஒன்று. நீங்கள் அங்கே நின்று விற்கலாமா என்பது மற்றது. படத்துக்கு வரி கட்டினால் போகலாம். ஆனால் பிரித்தானியாவின் விசிட்டர் விசா விதிகளில் பொதுமக்களுக்கு நேரடியாகப் பொருள் விற்பது தடை என்று தெளிவாகவே இருக்கிறது. மற்ற நாடுகளுக்குப் போகும்போதும் சுற்றுலா விசாவில் கடை போடலாம் என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது. இதற்கு நேரான வழி, அங்கே இருக்கிற ஒரு கலரியோ அமைப்போ படங்களை இறக்குமதி செய்து விற்பது. நீங்கள் திறப்பு விழாவுக்குப் போகலாம், படங்களைப் பற்றிப் பேசலாம், காசு வாங்குகிற மேசையில் இருக்கக்கூடாது.

விற்காமல் காட்சிக்கு மட்டும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற ஒரு ஆவணம் உண்டு. இலங்கை, இந்தியா, பிரித்தானியா, கனடா எல்லாம் அதை ஏற்கின்றன. ஒரு வருசம் வரை வரி கட்டாமல் போய் வரலாம், ஆனால் பிணைத்தொகை கேட்பார்கள், விற்பனைக்கான சரக்குக்கு அது செல்லாது. எப்படிப் போனாலும், போகும்போது பதிந்துவிட்டுப் போங்கோ. இங்கிருந்து போனதற்குக் காகிதம் இல்லாத படம் விற்காமல் திரும்பி வந்தால், அது இங்கேதான் வரைந்தது என்று இனி நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கட பட்சில் சொன்னபோது ஒருத்தன் கேட்டான், "வருசத்துக்கு ரெண்டு படம் விக்கிறவனுக்கு இவ்வளவு காகிதமா? இது பெரிய கலரிக்காரருக்கு எழுதின சட்டம் மச்சான்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தத் தகவல்கள் தமிழில் ஒரு இடத்தில் கிடைப்பதில்லை. நான் வாசித்த எல்லாமே ஆங்கிலம். கார்னேயின் பிணைத்தொகையை எந்த மாணவரால் கட்ட முடியும்? விசாவுக்கு விண்ணப்பித்தால் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டே தட்டிவிடுவார்கள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், அதற்குள் நுழைகிற செலவு எல்லாருக்கும் ஒன்று இல்லை.

ஆனால் அந்தக் கடைசி விசயத்தையே பிடித்துக்கொண்டு நான் அவனுக்குப் பதில் சொல்லுவேன். விசாவுக்கும் புலமைப்பரிசிலுக்கும் வதிவிடப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கும்போது நாங்கள் காட்ட வேண்டியது என்ன? இவர் ஒரு ஓவியர், இவருடைய படைப்புகள் விற்கின்றன என்ற சான்று. மூன்று வருசம் கிஃப்ட் என்று அனுப்பினவரிடம் அந்தச் சான்று இல்லை. வங்கிக்கு வந்த காசுக்கும் காரணம் சொல்ல முடியாது. இன்வொய்ஸும் தபால் பற்றுச்சீட்டும் வங்கிக் கூற்றும் ஒன்றோடொன்று பொருந்தி இருந்தால், அது வறிய மாணவருக்குத்தான் கூடப் பயன்படும். பெரிய கலரிக்காரருக்கு அதைச் செய்ய ஆள் இருக்கிறது.

ஆகவே மூன்று பேரிடம் கேட்கிறேன். கலை படிப்பிக்கிற துறைகளே, நான்கு வருசத்தில் ஒரே ஒரு பின்னேரம் ஒதுக்கி இன்வொய்ஸ் எழுதுவது எப்படி என்று சொல்லித் தாருங்கோ. 'இது எமது மாணவரின் சொந்தப் படைப்பு' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தாருங்கோ. கண்காட்சி வைக்கிற அமைப்புகளே, எவ்வளவு கழிவு, விற்காத படத்தைத் திருப்பி அனுப்புகிற செலவு யாருடையது, பழுதானால் யார் பொறுப்பு என்று எழுத்தில் தாருங்கோ. புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து ஆசையோடு வாங்குகிற அண்ணாமார், அக்காமாரே, நீங்கள் வாங்குவது எங்களுக்குப் பெரிய விசயம். அந்த வரியையும் நீங்களே கட்டுங்கோ. அங்கே கடையில் ஒரு நாற்காலி வாங்கினாலும் அதே 13% கட்டுகிறீர்கள்தானே.

இந்த வருசம் என் தோழி இன்னொரு படம் விற்றாள். அதுவும் ரொறன்ரோவுக்குத்தான், வேறு ஆள், ஒரு அக்கா. வரி நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று முதலே எழுதிவிட்டாள். அந்த அக்கா இரண்டு நாள் பதில் போடவில்லை. இவள் இரண்டு நாளும் சாப்பிடாமல் திரிந்தாள். பிறகு "ஓம், பரவாயில்லை" என்று வந்தது.

அதே கடைதான், மேசைக்குப் பின்னால் அதே ஆள்தான். "என்ன தங்கச்சி, பெறுமதியை இவ்வளவு கூடப் போட்டிருக்கிறியள்?" என்று கேட்டார்.

"கூடப் போடேல்லை அண்ணா. அதுதான் அதின்ர விலை" என்றாள்.

இந்த முறை நெளியாத பிளாஸ்டிக் குழாய், உள்ளே இரண்டு சுற்று பொலித்தீன். காப்புறுதிக்குக் கொஞ்சம் கூடச் செலவானது. அங்கே 39 டொலர் வரி. படம் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. இன்வொய்ஸின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறாள். ஃபைலின் வெளியே இலக்கம் 1 என்று எழுதியிருக்கிறாள். அந்த முதல் மூன்று படங்களுக்கு எந்த ஃபைலிலும் இடமில்லை.